தோட்டத்துப் படலை: உவரும் வரட்சியும் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான். புரட்டாதி பிறந்தால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் வானத்தையும் பார்ப்பார்கள், கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றையே எடுத்துக்கொண்டேன். கோப்பாயில் புகையிலையும் வெங்காயமும் செய்த குடும்பத்தில் பிறந்து, 31 வருடம் விவசாயப் போதனாசிரியராக வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் வரம்பு வரம்பாக நடந்தவள் நான். பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நாவற்குழிப் பக்கம் கடல்நீரேரிக்குக் கிட்ட எனக்குப் பன்னிரண்டு பரப்பு வயல். போன காலபோகத்தில் புழுதியில் விதைத்தேன். மழைக்கு நன்றாக முளைத்தது. பிறகு இரண்டு கிழமை மழை விட்டதும் பள்ளப் பக்கத்துப் பயிர் நுனி வெளுத்து, இலை சுருண்டு, திட்டுத் திட்டாகச் செத்துவிட்டது. மேட்டுப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. முளைக்கும்போது தாங்கிய நெல் பிறகு ஏன் தாங்கவில்லை? உப்பைத் தாங்கும் நெல் என்று சொல்லி விதை விற்கிறார்கள், நம்பலாமா? (நாவற்குழி வாசகர்)

பதில்: தம்பி, நெல்லுக்கு உப்பைத் தாங்கும் பலம் வயதுக்கு வயது மாறும். முளைக்கிற விதைக்குச் சாப்பாடு உள்ளேயே இருக்கிறது. வேர் பெரிதாக ஒன்றும் உழைக்க வேண்டியதில்லை. அதனால் முளை வருவதை வைத்து நிலத்தில் உப்பு இல்லை என்று நினைக்க முடியாது. இரண்டு மூன்று இலை விட்டு, விதையில் இருந்த சத்து முடிந்து, பயிர் தன் வேரை நம்பத் தொடங்கும் கிழமைகள்தான் முதல் ஆபத்து. அடியிலிருந்து பக்கக் கிளை விட்டு மட்டம் வெடிக்கும் காலத்தில் நெல் மறுபடி பலப்படும். பிறகு கதிர் தண்டுக்குள் உருவாகும் குடலையிலும் பூவிலும் இரண்டாவது ஆபத்து. அந்த நேரம் உப்பு ஏறினால் இலை பச்சையாகவே நிற்கும், கதிர் மட்டும் பதராகப் போகும்.

உங்கள் பள்ளத்தில் நடந்தது முதலாவது. மழை விட்டதும் மேல்மண் காய்கிறது. காயும் மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. ஈரம் ஆவியாகிப் போய்விடும், அதோடு வந்த உப்பு அப்படியே மேலே தங்கிவிடும். நாற்றின் வேரும் அந்த மேல் இரண்டு அங்குலத்திலேதான் இருக்கிறது.

உப்பு பயிரை இரண்டு தரம் அடிக்கும். முதல் அடி தாகம். தேசிக்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே வேலைதான் மண்ணில் இருக்கும் உப்பும் செய்கிறது. வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இது ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். இலை சுருள்வது அதனால்தான். இரண்டாவது அடி மெல்ல வரும். சோடியம் வேருக்குள் புகுந்து, தண்ணீரோடு ஏறி, இலையில் சேருகிறது. பயிருக்கு உயிர்நாடியான பொற்றாசியத்தின் சாயல் சோடியத்துக்கு உண்டு. அதனால் பொற்றாசியம் இருக்க வேண்டிய இடங்களில் இது போய் உட்கார்ந்து, இலைக்குள் நடக்கும் வேலைகளை நிறுத்திவிடும். பயிரும் சும்மா இருப்பதில்லை. ஏறிவந்த உப்பை முதிர்ந்த இலைகளில் அடைத்து, குருத்தைக் காக்கப் பார்க்கும். கீழிலை வெளுத்துச் சாக, நடுக்குருத்து பச்சையாக நிற்கிறதா? அப்படியானால் அந்தப் பயிர் இன்னும் போராடுகிறது, ஒரு நல்ல மழை வந்தால் எழும்பும். குருத்தும் வெளுத்துவிட்டால் அந்தத் திட்டை மறந்துவிடுங்கள்.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். நட்டப்பட்டது நான்கூட அல்ல, என்னை நம்பிய ஒரு கமக்காரர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தென்மராட்சியில் ஒரு வயலில் இப்படி நுனி வெளுத்ததைப் பார்த்து, தழைச்சத்துக் காணாது என்று யூரியா போடச் சொன்னேன். யூரியாவும் கரைந்தால் மண்ணீரை இன்னும் கடுமையாக்கும் பொருள்தானே. பத்து நாள் மழை இல்லை. பாதி வயல் போய்விட்டது. அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை, அதுதான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. அன்றிலிருந்து எந்த வயலுக்குப் போனாலும் முதலில் வரம்போரத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பின்னாளில் உப்பை அளக்கும் கையடக்கமான மின்கடத்துதிறன் மானி கிடைத்தது. ஆனாலும் நாக்கு வைக்கும் பழக்கம் போகவில்லை.

சரி, உப்பைத் தாங்கும் நெல் உண்டா? உண்டு. கேரளத்துக் கடலோரத்தில் உவர்நீர் ஏறி இறங்கும் நிலங்களில் காலங்காலமாக விதைக்கிற பொக்காளி நெல்லை உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏரீ 354 அந்தப் பொக்காளியின் வழியில் வந்தது, மூன்றரை மாத நெல். இப்படியான நெல்லின் இரகசியத்தில் ஒரு பகுதியை 2005இல் கண்டுபிடித்தார்கள். வங்காளத்து நோனா பொக்ரா என்ற உவர் நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) ஒரு பரம்பரையலகு (ஜீன்) இருக்கிறது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாயில் அது ஒரு காவல்காரனைப்போல வேலை செய்கிறது. ஏறிப்போகும் சோடியத்தைக் குழாயிலிருந்து திரும்ப வெளியே எடுத்து, இலைக்குப் போகாமல் தடுக்கிறது. பொக்காளியிலும் அதே நிறமூர்த்தத்தின் அதே பக்கத்தில்தான் தாங்கும் தன்மை இருக்கிறது. பொக்காளி வேகமாக உயர்ந்து வளர்வதும் அதற்கு உதவி, உள்ளே வந்த உப்பு பெரிய உடம்பில் பரவி ஐதாகிவிடும்.

ஆனால் தாங்கும் நெல் என்றால் உப்பில் செழிக்கும் நெல் என்று நினைத்துவிடாதீர்கள். காவல்காரனுக்கும் சம்பளம் உண்டு. உப்பைத் தள்ளவும் அடைக்கவும் செலவாகும் சக்தி, மணியில் சேர வேண்டிய மாவிலிருந்துதான் போகிறது. அதனால் மேட்டுப் பக்கத்துக்கு நீங்கள் வழமையாக விதைக்கும் நெல்லையே விதையுங்கள். பள்ளத்துக்கு மட்டும் தாங்கும் இனம் போதும். விதையைக் கடைச் சொல்லை நம்பி வாங்காமல், கமநல சேவை நிலையத்தில் கேட்டு, சான்றுபடுத்திய விதையாகப் பார்த்து எடுங்கள்.

இனத்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் புழுதி விதைப்பு வேண்டாம். மேட்டில் ஒரு மூலையில் நாற்று மேடை போட்டு, முதல் பெருமழைத் தண்ணீரைப் பள்ளத்தில் ஓரிரு நாள் நிறுத்தி, உப்பைக் கரைத்து வாய்க்காலில் வெட்டி விடுங்கள். அடுத்த மழைத் தண்ணீர் நின்றதும் ஒரு மாத நாற்றைக் கொண்டுபோய் நடுங்கள். அந்த ஆபத்தான குழந்தைப் பருவம் மேட்டிலேயே கழிந்துவிடும். பூக்கும் காலம் மார்கழி மழைக்குள் விழும்படி நாளைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பிந்தி விதைத்து மாசியில் பூவுக்கு வந்த நெல் எங்கள் கரையோரங்களில் பதராகப் போனதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. ஆவரங்காலில் தோட்டம் செய்கிறோம். என் தகப்பனார் காலத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. இரண்டு வருடத்துக்கு முன் பெரிய மோட்டர் பூட்டினோம். இப்போது ஆனி, ஆடியில் தண்ணீர் சவர்க்கிறது. சின்ன வெங்காயம் நுனி கருகி, காய் சிறுத்துவிட்டது. ஆனால் அதே தண்ணீரில் பக்கத்துப் பாத்தியில் பீற்றூட் நன்றாக வந்தது. இது எப்படி? (ஆவரங்கால் வாசகி)

பதில்: பிள்ளை, இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று கிணற்றைப் பற்றியது, மற்றது பயிரைப் பற்றியது.

கிணற்றை முதலில் பார்ப்போம். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நிலாவரை கூப்பிடு தூரம். அந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பது ஊரறிந்தது. எங்கள் குடாநாடு முழுக்க ஒரு வகையில் நிலாவரைதான். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, பாரமான கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மனியர் ஒருவரும் நூறு வருடத்துக்கு முன்னரே இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே கிட்டத்தட்ட நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதையே மறுபக்கமாகப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். பெரிய மோட்டரால் ஒரே மூச்சில் இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்புபோல எழும்புகிறது. துலாவில் இறைத்த காலத்தில் ஊற்று ஊறும் வேகத்துக்குத்தான் இறைப்பும் நடந்தது. என் அப்பா விடிய நாலு மணிக்குத் துலா மிதிக்கத் தொடங்கி, வெயில் ஏற நிறுத்திவிடுவார். கிணறு பகலெல்லாம் ஆறும். மோட்டரை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. சின்ன மோட்டரால், காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். கிணற்றை ஆழமாக்க வேண்டாம். குழாய்க் கிணறு அடிக்கவே வேண்டாம், அது உப்பைத் தேடிப் போவது போல.

இப்போது பயிர். மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். ஒரு மீற்றருக்கு எத்தனை டெசிசீமன்ஸ் என்பது கணக்கு. கடல்நீர் ஏறக்குறைய 50. வேரைச் சுற்றிய மண்ணில் 1.2ஐத் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் விழத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அளவுக்கும் நூற்றுக்குப் பதினாறு வீதம் குறையும். கரட் இன்னும் மென்மையானது, அதற்கு 1.0. மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3.0. பீற்றூட்டுக்கு 4.0. உங்கள் மண் 3 இல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், வெங்காயம் காற்பங்குக்கு மேல் விழுந்திருக்கும். பீற்றூட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காரணம் பிறந்த வீடு. பீற்றூட்டின் மூதாதை ஐரோப்பாவின் கடற்கரைகளில் உப்புக் காற்றில் வளர்ந்த காட்டுச் செடி. சோடியத்தைக் கண்டு அது பயப்படாது. உள்ளே எடுத்து, ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் இருக்கும் புன்வெற்றிடம் என்ற பையில் பூட்டி வைக்கும். அப்படிப் பூட்டினால் கலத்தின் மற்றப் பக்கம் வற்றிப்போகுமே? அதற்கு ஈடாகப் பீற்றைன் என்ற தீங்கில்லாத பொருளைச் செய்து அந்தப் பக்கத்தை நிரப்புகிறது. அந்தப் பொருளுக்கு அந்தப் பெயர் வந்ததே பீற்றுக் கிழங்கின் சாற்றில் அதை முதலில் கண்டதால்தான். வெங்காயத்துக்கு இந்த வசதி இல்லை. வேரும் மேலோட்டம், ஓர் அடிக்குள் முடிந்துவிடும். உப்பு சேரும் இடமும் அதுதான்.

அதனால் வெங்காயத்தை மழைத் தண்ணீர் கிணற்றில் நிறைந்திருக்கும் மாரி முடிவில் நட்டு, கிணறு சவர்க்க முன் கிண்டி எடுக்கும்படி பாருங்கள். ஆனி, ஆடிக்குப் பீற்றூட் இருக்கட்டும். நடமுன் பாத்தியில் பழைய பனையோலை, பூவரசங்குழை தாழ்த்தும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். உக்கிய ஓலை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மண் ஈரமாக இருக்கும்வரை உப்பு ஐதாக இருக்கும், காயக் காய அதே உப்பு இரட்டிப்பாகக் கடிக்கும். இன்னொன்று, சவர்த் தண்ணீரை இலைமேல் தெளிக்க வேண்டாம். வேர் தடுக்கப் பார்க்கும் உப்பை நாமே இலைக்குக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். மண் காய்கிறது என்று இலைக்கு எப்படித் தெரியும்? வாடினபிறகா இலைவாய் மூடுகிறது? (சாவகச்சேரி மாணவி)

பதில்: அருமையான கேள்வி மகள். இலைவாய் என்பது இலையில் காற்றுப் போய்வரும் நுண்ணிய துளை, இலை வாட முன்னமே அது மூடிவிடும். இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. ஒரு செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, பாதியை ஈரச் சட்டியிலும் பாதியைக் காய்ந்த சட்டியிலும் வைத்தார்கள். ஈரப் பக்கத்தால் இலைக்குப் போதிய தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் இலைவாய்கள் ஒடுங்கின. அப்படியென்றால் காய்ந்த பக்கத்து வேர் ஏதோ சேதி அனுப்பியிருக்கிறது.

அந்தச் சேதி அப்சிசிக் அமிலம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். வேரில் உண்டாகி மேலே போகிறது என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். 2018இல் யப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள். வேர், மிகச் சிறிய ஒரு புரதத் துண்டை இலைக்கு அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்ததும் இலையே அப்சிசிக் அமிலத்தைச் செய்கிறது. அமிலம் வந்ததும் இலைவாயின் இரு பக்கமும் இருக்கும் காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறும், பின்னாலேயே தண்ணீர் வெளியேறும், காற்றுப் போன ரியூப் மாதிரிக் கலங்கள் தளர்ந்து வாய் மூடும்.

மூடினால் ஆவியுயிர்ப்பு குறையும், தண்ணீர் மிஞ்சும். ஆனால் காபனீரொட்சைட்டும் உள்ளே வராது. தாகம் தீர்ந்தால் பசி வரும். செடி நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கற்றாழையும் அன்னாசியும் இதற்கு வேறு வழி கண்டன. அவை இரவில் வாயைத் திறந்து, வாங்கிய காபனீரொட்சைட்டை அமிலமாக வைத்திருந்து, பகலில் பயன்படுத்தும். வீட்டில் கற்றாழை இருந்தால் விடியற்காலையில் ஒரு துண்டையும் பின்னேரம் ஒரு துண்டையும் நசுக்கி, பாசிச்சாயத் தாளால் அமிலத்தைச் சோதித்துப் பார். விடிய வெட்டியது கூடுதலாகப் புளிக்கும். உன் வகுப்பு முழுவதற்கும் செய்து காட்டலாம்.

கேள்வி: தென்னம்பிள்ளை நடும்போது கிடங்கில் உப்புப் போடுவது மூடநம்பிக்கையா? (கொடிகாமம் வாசகர்)

பதில்: இல்லை ஐயா. தென்னைக்குக் குளோரைட்டு உண்மையாகவே தேவையான ஒரு சத்து. அதன் இலைவாய் திறந்து மூடும் வேலைக்கே அது வேண்டும். கடற்காற்று எட்டாத உள்நிலங்களில் அது போதாமல் போவதுண்டு. எங்கள் குடாநாட்டில் கடல் எட்டாத இடம் எது? ஒரு பிடி போட்டால் பிழையில்லை, போடாவிட்டாலும் நட்டமில்லை. கிணறு சவர்க்கும் வளவென்றால் போடவே வேண்டாம்.

கேள்வி: அம்மா, மண்டைதீவில் என் பேரன் கண்ணா மரத்து இலையை நக்கிவிட்டு ‘உப்பு, உப்பு’ என்று ஓடிவந்தான். அந்த மரம் கடல் தண்ணீரையே குடித்து வளர்கிறதே. அதன் குணத்தை நெல்லுக்குக் கொண்டுவர ஏலாதா? (மண்டைதீவுப் பாட்டி ஒருவர்)

பதில்: உங்கள் பேரன் நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான் அம்மா. கண்ணா மரம் கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடித்து விட்டுவிடுகிறது. அப்படியும் உள்ளே வந்துவிடும் மிச்சத்தை இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. அவன் நாக்கில் பட்டது அதுதான். பக்கத்தில் சேற்றில் நிற்கும் கண்டலுக்கு அந்தச் சுரப்பி இல்லை, அது வேரில் தடுப்பதையே நம்பி இருக்கிறது. தரவையில் படரும் உமரி இன்னொரு வழி, உப்பைத் தண்ணீரோடு சேர்த்துத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு தடித்துப்போகும். ஒரே கரையில், ஒரே உப்புக்கு, மூன்று மரம் செடி மூன்று வழி.

நெல்லுக்குக் கொண்டுவருவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பரம்பரையலகை மாற்றுவதால் ஆகும் காரியம் அல்ல அது. வேரின் தோல், குழாய், சுரப்பி, கலத்துக்குள் பூட்டும் அறை என்று எத்தனையோ ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதோடு கண்ணா மரம் யாருக்கும் மூன்றரை மாதத்தில் மூட்டை கொடுக்க வேண்டியதில்லை. மெதுவாக வளர்ந்தாலும் அதற்குப் போதும். நெல்லுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கு உவரில் பழகிய நெல்லினங்களுக்குள்ளேயே கூடுதலாகத் தேடுகிறார்கள். பழைய விதைநெல் யார் வீட்டிலாவது குடத்தில் இருந்தால் அதை முளைக்கும் உயிரோடு வைத்திருக்கச் சொல்லி நான் போகிற இடமெல்லாம் கெஞ்சுவது அதற்காகத்தான். உங்கள் ஊரில் யாரிடமாவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பேரனை அடுத்த தரம் மத்தியான வெயிலில் கூட்டிக்கொண்டு போங்கள். விடியற்பனியில் உப்புக் கரைந்து ஓடியிருக்கும். வெயில் ஏறினபிறகு இலையைச் சரித்துப் பிடித்தால், வெள்ளைக் குறுணியாக மினுங்குவது கண்ணுக்கே தெரியும்.